நங்கூரம் எடுக்கும் முன் மகனுக்கு

பன்னிரண்டு நாளாக என் செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பிக்கொண்டிருக்கும் என் ஒரே மகனுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் அப்பாவும் நானும் கை கால்களோடு லங்காவித் தீவு வந்து சேர்ந்துவிட்டோம். இது உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கும் தெரியும். கப்பல்கள் எங்கே நகர்கின்றன என்று காட்டும் செயலியைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையிலும் தொழிற்சாலைக் கூட்டத்திலும் கழிவறையிலும்கூட எங்கள் புள்ளியையே நீ பார்த்துக்கொண்டிருப்பதாக ஷர்மிளா சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மருமகளிடமிருந்து செய்தி கறப்பது மாமியாரின் பிறப்புரிமை. நான் நல்ல கறவைக்காரி. நேற்று முன்தினம் காற்றே இல்லாமல் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோமே, அப்போது 'ஏன் நகர மாட்டேங்குது, ஏன் நகர மாட்டேங்குது' என்று வீட்டுக்குள் நடந்தாயாமே. உன் அப்பா அப்போது குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இனி கெட்ட செய்தி. உன் அப்பா நங்கூரத்தை எடுக்க மாட்டேன் என்கிறார். காற்று இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது, அரிசி பருப்பு நெத்திலி எல்லாம் இருக்கிறது. வடகிழக்குக் காற்று நிற்பதற்குள் வங்கக் கடலைக் கடந்து திரிகோணமலை போய்விட வேண்டும். ஆனாலும் அசைய மாட்டேன் என்கிறார். ஏனென்றால் நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பதினாறு வருடமாகச் சொல்லாத ஒன்று. அதைச் சொல்லாமல் மலேசியத் தண்ணீரைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவர் போட்ட முதல் உத்தரவு என்பதால் மதிக்க வேண்டியதாகிவிட்டது. அது இந்தக் கடிதத்தின் நடுவில் வரும். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்ப் படிக்காதே. வரிசையாக வா. உன் அம்மாவுக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று படகுத்துறை ஜெட்டியில் நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போர்ட் கிள்ளானில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தேன் அல்லவா? கொழும்பு, போர்ட் லூயிஸ், டர்பன், மொம்பாசா என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்தேன். எந்தக் கப்பல் எந்தத் துறைக்குப் போகிறது, எத்தனை பேர், என்ன சரக்கு, எல்லாம் என் விரல் நுனி வழியாகத்தான் போயிற்று. ஆனால் அந்த முப்பது வருடத்தில் நான் ஏறிய ஒரே கலம் கெத்தாம் தீவுக்கு நண்டு சாப்பிடப் போன பயணிப் படகு. பணி ஓய்வு நாளன்று கடிகாரம் ஒன்றைக் கொடுத்து 'இனி நிம்மதியா வீட்ல இருங்க' என்றார்கள். அந்தச் சொல்தான் வினை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், 'நீங்க லோரி இன்ஜினைப் பிரிச்சு மாட்டினது போதும், போட் இன்ஜின் ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?' என்றேன். டீசல் என்று சொன்னால் எரிமலைக்குள்ளும் இறங்குகிற ஆள் அவர். இறங்கினார். நியூசிலாந்துக் கிழவர் ஒருவர் பூலாவ் இண்டாத் தீவில் விட்டுவிட்டு ஊருக்குப் போகக் காத்திருந்த முப்பத்து நான்கடிப் பாய்மரப் படகு அது. பெயர் டோரிஸ். பெயரை மாற்றினால் படகுக்கு ஆகாது என்று கிழவர் சொன்னார். ராகு காலம் எமகண்டம் எதையும் நம்பாத உன் அப்பா, இதை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.

மூன்று வருடம் ஒவ்வொரு சனி ஞாயிறும் கற்றுக்கொண்டோம். உனக்கு நான் சொன்ன கணக்கு: அம்மா ஸூம்பா நடன வகுப்பு, அப்பா கோயில் கமிட்டி. ஸூம்பா போய்வந்த பெண்மணி ஏன் முழங்கை வரை வெயிலில் கறுத்து, உள்ளங்கையில் கயிற்றுக் காய்ப்போடு வருகிறாள் என்று தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியான உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. பெற்றவர்களைப் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பதில்லை. அது எங்களுக்கு வசதியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்தான் சுக்கான் பிடித்திருந்தேன், கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் படகைச் சேற்றில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் வடிகிற நேரம். முப்பது வருடம் மாதாமாதம் கடல்நீர் ஏற்ற இறக்க அட்டவணையை நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, கேப்டன்களுக்குக் கொடுத்தவள் நான். ஒரு நாளாவது அதைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவள் இல்லை. ஆறு மணி நேரம் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நாங்கள் சுவரில் உட்கார்ந்து, தரையில் சாய்ந்து, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். கெத்தாம் படகில் போனவர்கள் எல்லாம் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சரியாக அப்போது நீ போன் அடித்தாய். 'எங்கம்மா இருக்கீங்க?' என்றாய். 'பத்துமலையில் ஐயா' என்றேன். 'என்னம்மா, பத்துமலையில கப்பல் ஹாரன் சத்தம் கேக்குது?' என்றாய். 'டூரிஸ்ட் பஸ்ஸுப்பா, பெரிய பஸ்ஸு' என்றேன். நீ நம்பினாய். நீ நம்புவதுதான் எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்தது.

பொய் ஒன்று இருந்தால் அதற்குக் காவல் காக்க இன்னொன்று வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் உன் அப்பா கை கழுவுமிடத்தில் நின்றுகொண்டு, படகுக் கொட்டகைக்காரரிடம் போனில், 'டோரிஸை இந்த வாரம் தனியா விட முடியாது, சனிக்கிழமை நான் வந்தே ஆகணும்' என்று பேசியிருக்கிறார். பின்னால் உன் அத்தை. அவருடைய சொந்த அக்கா. கிள்ளான் முழுவதற்கும் செய்தி நிலையம். மறுநாள் காலை ஜிலேபிப் பொட்டலமும் துக்க வீட்டு முகமுமாக வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

'ஏம்மா, நீ மனசத் திடப்படுத்திக்கணும்.'

'என்ன அண்ணி?'

'டோரிஸ்னு ஒருத்தி இருக்கா.'

குடித்துக்கொண்டிருந்த தேநீர் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிர்ச்சியில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து அவர் என் தலையில் தண்ணீர் தெளிக்க எழுந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே? 'ஐயோ அண்ணி, அது டிராவல் ஏஜென்ட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் குரூஸ் கப்பல்ல போறோம். அந்தம்மாதான் ஏற்பாடு பண்றாங்க' என்றேன். 'அப்ப தனியா விட முடியாதுன்னானே?' 'வேலைக்குப் புதுசு அண்ணி, பயப்படறாங்களாம்.' அத்தை வீடு போய்ச் சேருவதற்குள் குரூஸ் செய்தி சுங்கை வே வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் நீ கூப்பிட்டாய். 'குரூஸா? நல்லதும்மா, போய்ட்டு வாங்க. கப்பல்ல ஏறின உடனே லைஃப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்குங்க.' அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், 'சரிப்பா' என்றுதான் வந்தது. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஜெட்டியில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்ல ஆசையாக இருக்கிறது; அழுகைக்கு நடுவில் நான் பார்த்த அளவு சிரிப்பை நீ பார்த்திருக்க மாட்டாய். பொங்கல் முடிந்த சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும், அந்த இறக்கத்தோடு வடக்கே போய்விடலாம் என்று நாங்கள் இருவரும் பூனை மாதிரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். வழியனுப்புதல் எல்லாம் முதல்நாளே வீட்டில் முடிந்துவிட்டது என்று என் நினைப்பு. பார்த்தால் நீ வேனை ஓட்டிக்கொண்டு வருகிறாய். உள்ளே அத்தை, மாமா, எதிர்வீட்டுச் சரோ அக்கா, முறுக்கு டின், மாலை வேறு. எங்களுக்குத் திடீர் மகிழ்ச்சி கொடுப்பதற்காகவாம். பக்கத்தில்தானே குரூஸ் கப்பல் வந்து நிற்கும் இடம்? அங்கே எங்களைத் தேடிவிட்டு, உன் அப்பாவின் பழைய கார் இங்கே நிற்பதைப் பார்த்து இறங்கியிருக்கிறீர்கள்.

'ஏண்டா தம்பி, இந்த போட்டுதான் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போகுமா?' என்றார் அத்தை.

'இல்லக்கா.'

'அப்ப கப்பல் எங்க?'

'இதான்க்கா கப்பல்.'

அத்தை படகை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகப் பார்த்தார், பின்பக்கம் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'அடப்பாவி! டோரிஸ் இதுதானா!' என்று நெஞ்சில் கையை வைத்தார். தம்பி கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதியில், தம்பி கடலில் மூழ்கப் போகிறானே என்ற கவலை அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்ததும், 'ராகு காலத்துலயாடா கிளம்புவீங்க?' என்று கத்தினார். 'தண்ணி இறங்குதுக்கா. ராகு கொஞ்சம் வெயிட் பண்ணட்டும் லா' என்றார் உன் அப்பா. மாமா மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் டோரிஸின் முன்கம்பியில் மாட்டிவிட்டார்.

நீ மட்டும் நேராகப் படகில் ஏறினாய். உன் வேலை உன்னை விடவில்லை. 'லைஃப் ராஃப்ட் எப்ப சர்வீஸ் பண்ணது?' 'போன மாசம்யா.' 'இடுப்புல கட்டுற கயிறு?' 'ஆளுக்கு ரெண்டு.' 'ரேடியோ?' உன் அப்பா பரீட்சை எழுதும் பையன் மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் உனக்கு இன்னும் கோபம் என்று நினைக்கிறேன். ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் 'இறங்குங்க' என்று சொல்லியிருப்பாய். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, அமைதியாக, 'எனக்குப் பத்தொன்பது வயசுல கடல் வேணாம்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தீங்களேம்மா' என்றாய். அவ்வளவுதான். வேனில் போய் உட்கார்ந்துவிட்டாய். நாங்கள் ஜெட்டியை விட்டு விலகும்போது அத்தை கை ஆட்டினார், மாமா கை ஆட்டினார், சரோ அக்கா முறுக்கு டின்னையே ஆட்டினார். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது நடுப்பகுதி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. நானும் குடித்துவிட்டு வருகிறேன்.

ரெண்டு நாள் பட்டினி உனக்குத் தெரிந்தது. அதையும் மீறி, அப்பாவின் ஆதரவில், நீ கப்பலில் கேடட் என்ற பயிற்சி அதிகாரி வேலைக்கு மனு போட்டாய். பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு கப்பல் கம்பெனி உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணி. நானும் மனம் மாறிவிட்டவள் போலச் சட்டைத்துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். அந்தத் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். மதியம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அந்தக் காலத்தில் உன் கைபேசி எண் மாதத்துக்கு ஒன்று மாறும், அதனால் நீ படிவத்தில் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தாய். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். நேர்முகம் எடுக்கும் கேப்டன் புதன்கிழமை வெளிநாடு போகிறார், அதனால் நாளை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். 'சொல்லிடறேன்' என்றேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதியும் வைத்தேன்.

சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டாய், சொல்லவில்லை. படுக்கப் போகும்போது சொல்லலாம் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்று உன்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆனதும் அந்தத் தாளைச் சமையல் அடுப்பில் வைத்து எரித்தேன். வியாழக்கிழமை நீ கிளம்பியபோது உன் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் நான்தான். கிள்ளானில் ரயில் ஏறிப் போனாய், மதியத்துக்குள் திரும்பி வந்தாய். 'இன்டர்வியூ செவ்வாக்கிழமையே முடிஞ்சிருச்சாம்மா. வீட்டுக்குப் போன் பண்ணாங்களாமே?' என்று கேட்டாய். 'எனக்கு ஒண்ணும் வரலையே ஐயா' என்றேன். நீ டையைத் தளர்த்தினாய். 'அப்ப ஃபார்ம்ல நம்பரை நான்தான் தப்பா எழுதிட்டேன் போல' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டாய்.

நீ எதையும் தப்பாக எழுதவில்லை. இதைத்தான் நான் பதினாறு வருடமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ எந்தப் படிவத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாய். உன் கல்யாணப் பத்திரிகையில் தொலைபேசி எண்ணை நாலு முறை சரிபார்த்தாய். அச்சகக்காரர் என்னிடம், 'ரொம்பப் பொறுப்பான பையன் அக்கா' என்று பாராட்டினார். நான் தலையாட்டினேன். மற்றவர்களின் கவனக்குறைவைப் பிடிப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டு பெரிய தொழிற்சாலையில் அதிகாரியாக ஆனாய். எல்லோரிடமும் பெருமை பேசினேன். ஆனால் நீ செய்யாத ஒரு தப்புக்கு உன்னையே காவல் போட்டுக்கொண்டு வாழ்கிறாய், அந்தக் காவலை நியமித்தவள் நான் என்பது ஒவ்வொரு முறையும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. விழுங்கிவிட்டு மேலே ஒரு நகைச்சுவை சொல்வேன். குடும்பத்தில் எல்லோரும் என்னைத் தமாஷ்காரி என்கிறார்களே, பாதித் தமாஷ் அந்த முள்ளுக்குத் தின்ற சோற்று உருண்டை.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே. அதற்கு முந்தின வாரம் அலுவலகத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். நடுக்கடலில் விழுந்து காணாமல் போன ஒரு மாலுமியின் சாமான்களை அவன் வீட்டுக்கு அனுப்பும் பட்டியல். சட்டை நான்கு. ரேடியோ ஒன்று. செருப்பு ஒரு ஜோடி, புதியது. வயது இருபத்து இரண்டு. அந்தப் புதுச் செருப்பு என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்தத் துறைமுகம் வழியாக முப்பது வருடத்தில் எத்தனையாயிரம் பேர் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்தார்கள். அவர்களின் பட்டியலையும் நான்தானே அடித்தேன்? அதையெல்லாம் மறந்து ஒரு செருப்பை மட்டும் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது மலை ஏறுகிறேன், வானத்தில் பறக்கிறேன் என்று வந்து நிற்கும். அப்போது பயம் வரும், வரட்டும். 'எனக்குப் பயமா இருக்கு' என்று அதனிடமே சொல்லிவிடு. பாசம் என்று பெயர் போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்காதே. நான் கட்டிய பொட்டலத்தைத்தான் நீ இத்தனை வருடம் சுமந்தாய்.

இதை உன் அப்பாவிடம் முதலில் சொன்னேன். பங்கோர்த் தீவில் மூன்றாம் நாள் மாலை, தண்ணீர்ப் பம்பைப் பிரித்து வைத்துக்கொண்டு இஞ்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு அலை கொஞ்சம் அடித்தாலே குமட்டும் என்பது உனக்குத் தெரியாதே? ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் வாளியுமாகத்தான் மலாக்கா நீரிணையைப் பாதி கடந்தார். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு வசதி உண்டு ஐயா: சண்டை வந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போக முடியாது. கதவும் இல்லை, போக இடமும் இல்லை. மூன்றே நாளில், முப்பத்தாறு வருடம் கிள்ளான் வீட்டில் பேசாததையெல்லாம் பேசிவிட்டோம். நீயும் ஷர்மிளாவும் அந்த ஷா ஆலம் வீட்டில் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல், வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது இடுக்கில் போய் உட்காருங்கள்.

நான் சொல்லி முடித்ததும் அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். தேநீரில் ஆடை படிந்தது. பிறகு, 'அன்னிக்கு அவனுக்கு டை கட்டிவிட்டது நான். நீ பக்கத்துல நின்ன' என்றார். பம்பை மாட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். 'லங்காவியில அவன்கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். சொல்லாம தாண்டலாம்னு நெனச்சா டோரிஸைத் திருப்பிக் கிள்ளானுக்கே ஓட்டிட்டுப் போயிருவேன்.' நான் போனில் சொல்லிப் பார்க்க முயன்றேன், நீ எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பலாம் என்றால், என் குரல் எப்படியும் நடுவில் ஒரு வேடிக்கையை நுழைத்துவிடும். எழுத்தென்றால் கோடு போட்டு அடிக்க முடியும். இந்தக் கடிதத்தில் நான் அடித்த நகைச்சுவைகளைச் சேர்த்தால் இன்னொரு கடிதம் வரும்.

இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்று நினைத்தேன். பெயர் போடாமல்தான். என்னை மாதிரி அப்பாக்கள் அம்மாக்கள் எந்தெந்தத் தொலைபேசியை எடுத்து என்னென்ன செய்தியை விழுங்கினார்களோ, படித்துவிட்டு யாராவது ஒருவர் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்களா என்ற ஆசை. பெயர் போடாவிட்டாலும் அத்தை இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு நான் தயார். ஆனால் இது உன் கதை. அனுப்பு என்றால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் உன்னோடு இருக்கட்டும்.

மன்னிப்பு கேட்கிறேன், ஐயா. இதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்கவில்லை.

நேற்று இங்கே துறைமுக அலுவலகத்துக்குப் போய் வந்தேன். நாட்டை விட்டுப் போகும் படகு பணியாளர் பட்டியல் கொடுக்க வேண்டும். கவுண்டரில் ஒரு சின்னப் பெண் மலாயில், 'காக், பெராப்பா ஓராங்?' என்றாள். 'அக்கா, எத்தனை பேர்' என்பதற்கு 'டுவா', இரண்டு, என்று சொல்ல வேண்டியவள், 'மங்கின் தீகா' என்றேன். மூன்றாக இருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டே படிவத்தை என்னிடமே கொடுத்து, வெள்ளிக்கிழமை காலைக்குள் கொண்டு வரச் சொன்னாள். உனக்குப் பயன்படுத்தாத விடுப்பு ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறதாம்; பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில் செல்லுபடியாக இருக்கிறதாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. 'அவரை இழுத்துட்டுப் போங்கம்மா, இங்க இருந்து அந்தப் புள்ளியைப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது' என்றும் அதே ஆள் சொன்னாள். திரிகோணமலைக்குப் பத்து நாள். இரண்டு பேர் என்றால் நாலு மணி நேரம் காவல், நாலு மணி நேரம் தூக்கம். மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆறு மணி நேரம் தூங்கலாம். அறுபதை நெருங்கிய ஒரு கிழவியும், அதைத் தாண்டிய, வாளியைப் பிடித்த ஒரு கிழவரும் தனியாகக் கடப்பது பாதுகாப்பானதா என்று படித்த அதிகாரி ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

நீ வராவிட்டாலும் நாங்கள் வெள்ளிக்கிழமை போவோம். அதை மறைக்க மாட்டேன். வராததற்கு உனக்கு முழு உரிமை இருக்கிறது. அதற்காக நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்க மாட்டேன், சத்தியம்.

படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்த வரைக்கும், பட்டியலில் கடைசிப் பெயரை அடித்து முடித்ததும் கீழே மிச்சமிருக்கும் காலி வரிகளின் மேல் அடிக்கோலை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவேன். பிறகு யாரும் ஒரு பெயரைச் செருகிவிடக் கூடாது என்பதற்காக. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. இதில் உன் அப்பா பெயரை எழுதினேன், பதவி என்ற கட்டத்தில் பொறியாளர் என்று போட்டேன். என் பெயரை எழுதினேன், கேப்டன் என்று போட்டேன், அவர் ஆட்சேபிக்கவில்லை. மூன்றாவது வரியில் கோடு இழுக்கவில்லை. உன் பெயரும் பிறந்த தேதியும் எழுதத் தெரியும். பதவிக் கட்டத்தில் கேடட் என்று எழுதட்டுமா? முப்பத்தைந்து வயதில் கேடட்டா என்று அந்தக் கவுண்டர்ப் பெண் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

பாஸ்போர்ட் எண்ணை மட்டும் அனுப்பு. மூன்று முறை சரிபார்க்காதே, ஒரு முறை போதும்.

பேனாவைத் திறந்தபடி வைத்திருக்கும்,
உன் அம்மா